நெகிழ்பதிப்பு

சாப்பிட்டுவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? சரி. இது கொஞ்சம் கசப்பான கதை. வெறும் வயிற்றில் கேட்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புத்தகங்கள் வாசகரின் நாடி பார்க்கக் கற்றுக்கொண்ட காலத்தில், தூத்துக்குடியில் பியூலா என்றொரு பெண் நாவல் எழுதினாள். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. மதியம் மற்றவர்கள் சாப்பிட்டுக் கதை பேசும்போது, டிபன் டப்பாவை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு அவள் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள். அப்படியே பல வருடம் ஓடி, ஒருவழியாக நாவல் முடிந்தது. உப்பளத்தில் வாரிக் குவித்திருக்கும் உப்புக் குவியலுக்கு அந்த ஊரில் அம்பாரம் என்று பெயர். நாவலுக்கும் அதையே வைத்தாள்.

எதற்காக எழுதினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேருக்காகவும் இல்லை, காசுக்காகவும் இல்லை. அவள் கணவர் செல்வின், செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போனவர். உப்பளத்தில் பின்னோக்கி வந்த லாரி ஒன்று இசக்கிராஜ் என்ற தொழிலாளி மேல் ஏறிவிட்டது. ஓட்டியது பியூலாவின் தங்கை மெர்லினுடைய கணவன் அருள்தாஸ். அவனிடம் உரிமம் கிடையாது. வண்டி செல்வினுடையது; அவர் அப்போது தள்ளி, லாரிகளை எடை போடும் எடைமேடையில் நின்றிருந்தார். மதியச் சாப்பாடு கொண்டுபோன மெர்லின் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவள். அவளே கைக்குழந்தையோடு நீதிமன்றக் கூண்டில் ஏறி நின்று, "வண்டி ஓட்டுனது அத்தான்தான். எங்க வீட்டுக்காரரு அன்னைக்குக் காய்ச்சல்ல வீட்டுல படுத்துக் கெடந்தாரு" என்றாள்.

செல்வின் சிறையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. மகள் ஷெரினுக்கு அப்போது நடை பழகும் வயது. பின்னாளில் அருள்தாஸும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அக்காவும் தங்கையும் ஒரே ஊரில் பேசாமல் வாழ்ந்தார்கள்.

பியூலாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மெர்லின் அந்தப் புத்தகத்தை வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரும் அதைக் கேட்க வேண்டும்.

ஆனால் பதிப்பாளர் இல்லாமல் தானே புத்தகம் போடுகிறவர்களின் பாடு உங்களுக்குத் தெரியாதது இல்லை. அப்போதெல்லாம் நூல்கள் 'நூலாறு' என்ற தளத்தில்தான் வெளிவரும். வெளிவந்த முதல் வாரத்தில் போதுமான விமர்சனங்கள் விழுந்தால் தளம் அந்த நூலை முன்வரிசையில் வைக்கும். விழவில்லையா, அடியில் போய்விடும். எழுதியவளே தேடினாலும் கிடைக்காது. அதனால் சுயமாக நூல் போடுகிறவர்கள் குழு சேர்த்துக்கொண்டு, நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன் என்று விமர்சனம் மாற்றிக்கொள்வார்கள். கல்யாண வீட்டு மொய் மாதிரி. அவர்களே அதற்கு மொய் விமர்சனம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பியூலாவுக்கு இந்த வேலையெல்லாம் ஷெரின் பார்த்தாள். அட்டைப்படம் செய்தது, குழுவில் சேர்த்தது, முன்கூட்டியே வாசிக்க ஆள் பிடித்தது, எல்லாமே அவள்தான்.

"எம்மா, மதுரைக்காரரு ஒருத்தரு ஒனக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காரு. நீ அவரோட பேய்க்கதை ஆறாம் பாகத்துக்குப் போட்டுரு."

"மொத அஞ்சு பாகத்த நான் படிக்கவே இல்லையே ட்டி."

"அவரு மட்டும் ஒன்னோடத படிச்சாராக்கும்? 'இல்லத்தரசிகளுக்கு ஏற்ற அருமையான சமையல் நூல்'னு எழுதிருக்காரு."

"சமையலா?"

"அட்டையில உப்பு இருக்குல்லா."

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

ஆனால் மொய்க்கு அந்த வருடம் மதிப்பில்லாமல் போனது. நூலாறு புதிதாக வாசிப்புப் பலகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. சிலேட்டு அளவுதான். ஓரத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். விரல் வழியாக அது நாடி பார்க்கும். யார் உண்மையாக வாசித்தார்கள், யார் பக்கத்தை மட்டும் தள்ளினார்கள் என்பது அதற்குத் தெரிந்துவிடும். முழுவதும் வாசித்தவரின் விமர்சனம் மட்டும்தான் கணக்கில் சேரும்.

பியூலா இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். "நல்லதுதான? மெய்யா படிக்கிறவங்க படிக்கட்டும்" என்றாள்.

படிக்கத்தான் செய்தார்கள். பாதிவரை.

"எம்மா, எல்லாரும் லாரிகிட்டயே எறங்கிருதாங்க" என்றாள் ஷெரின், அறிக்கையைப் பார்த்தபடி. லாரி ஏறுகிற அத்தியாயம், அடுத்து வரும் நீதிமன்ற அத்தியாயம், இந்த இடங்களில் நாடி எகிறுகிறது, பலகையை மூடிவிடுகிறார்கள், திரும்பத் திறப்பதில்லை.

"கஷ்டமாத்தான் இருக்கும். எழுதுன எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"கொஞ்சம் மாத்தி எழுதேம்மா. அந்தத் தங்கச்சிக்காரி பொய் சொல்லுத எடத்தையாவது."

"அதுக்காகத்தான் ட்டி மிச்சத்தையே எழுதுனேன்."

ஷெரின் அறிக்கையை மூடி வைத்தாள். வாரம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன.

மறுநாளிலிருந்து மழை கொட்டியது போல நட்சத்திரங்கள் விழுந்தன. கோவில்பட்டியிலிருந்து, கொழும்பிலிருந்து, முகம் தெரியாத ஊர்களிலிருந்து. 'ஒரே மூச்சில் முடித்தேன்.' 'மனசு லேசானது.' 'என் அம்மாவுக்கும் படிக்கக் கொடுத்தேன்.' அம்பாரம் முன்வரிசைக்கு வந்துவிட்டது. மனசு லேசானது என்ற வரியைப் பார்த்தபோது பியூலாவுக்கு எங்கோ நெருடியது. ஆனால் பசித்தவள் சோற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாளா? விட்டுவிட்டாள்.

அந்தப் பெயர்களுக்கு நடுவே ஒரு நாள் மெர்லினின் பெயர் வந்தது. முழுவதும் வாசித்தவர் என்ற முத்திரையோடு ஐந்து நட்சத்திரம். கீழே இரண்டு வார்த்தை: 'நன்றி அக்கா.'

பியூலா அதைப் பார்த்து அலுவலக நாற்காலியிலேயே அசையாமல் இருந்தாள். வாசித்துவிட்டாள். அந்த அத்தியாயத்தையும் தாண்டி வாசித்துவிட்டு நன்றி சொல்கிறாள். அப்படியென்றால் அவள் மனம் இறங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

வாசகர் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடம், மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிப்போட்டு நாற்காலி வரிசை, ஆளுக்கொரு மக்ரூன் பொட்டலம். அந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேச்செல்லாம் முடிந்த பிறகு, விருப்பமுள்ள வாசகர்கள் எழுந்து தங்களுக்குப் பிடித்த பக்கத்தைப் பலகையிலிருந்து வாசிப்பார்கள். எழுதியவர் முன்னால் அமர்ந்து கேட்க வேண்டும்.

முதலில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் திரவியம் எழுந்தார். கடைசிப் பக்கத்தை வாசிக்கிறேன் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். வாசித்தார். அவர் வாசித்ததில், நாவலில் பெரியவள் என்று வரும் அக்கா கணவனை இழந்த பிறகு சொந்தமாக உப்பளம் குத்தகைக்கு எடுத்து, ஊரே மெச்ச நிமிர்ந்து நிற்கிறாள்.

பியூலா நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு பக்கத்தை அவள் எழுதவே இல்லை.

"சார், என்ன சார் வாசிக்கிறீய?" கல்லூரிப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து எழுந்துவிட்டாள். "பெரியவதான் கடல்ல விழுந்து செத்துப் போயிருதாளே. நான் ராத்திரியெல்லாம் அழுதேன்."

"நீ வேற பொஸ்தகத்த நெனச்சுப் பேசுத தாயி."

"நீங்கதான் கண்ணாடிய மாத்திப் போட்டு வந்திருக்கீய."

கூடமே சிரித்தது. ஆளாளுக்குப் பலகையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு மெல்ல அடங்கியது. பக்கத்து நாற்காலிக்காரரின் பலகையை எட்டிப் பார்த்தவர்கள் தங்கள் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்ததுதான் நிஜம் என்பது போல.

அந்தச் சலசலப்புக்கு நடுவில் மெர்லின் எழுந்தாள். வெளிர்நீலப் புடவை. நரைத்துப் போயிருந்தாள். அக்காவைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"எனக்குப் பிடிச்ச எடத்த நான் வாசிக்கலாமா, அக்கா?"

பியூலா தலையை மட்டும் அசைத்தாள்.

மெர்லின் வாசித்தாள். "'சின்னவள் நீதிமன்றத்தில் சொன்னாள்: அன்றைக்கு அவர் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். அவள் சொன்னது போலவே, அந்த வீட்டில் அன்று அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஈரத்துணியை நெற்றியில் போட்டபடி அவன் புரண்டு படுத்தான். உப்பளத்தில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. பெரியவள் பின்னாளில் இதை உணர்ந்தபோது, தங்கையை வெறுத்த நாட்களுக்காக வருந்தினாள்.'"

பலகையை மூடிவிட்டு அவள் அழுதாள். நடிப்பில்லை, நிஜமான அழுகை. "எத்தன வருசமா நீ என்னய நம்பலன்னு நெனச்சு நெஞ்சு வெந்துச்சு. இன்னைக்கு ஒங்கையாலயே எழுதிட்ட. எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு வீட்டுலதான் கெடந்தாருன்னு நீயே எழுதிட்ட. எனக்கு இது போதும் அக்கா."

கூடத்தில் கைதட்டல். திரவியம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். யாரோ மெர்லினைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து அக்காவின் பக்கத்தில் நிறுத்தினார்கள். படம் எடுத்தார்கள்.

பியூலா எழுதியிருந்தது என்ன தெரியுமா? 'அன்றைக்கு அவர் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார்' என்ற வரிக்குப் பிறகு இரண்டே சொற்கள்: 'அது பொய்.' அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் அத்தனை பக்கமும். இப்போது அவள் பெயர் போட்ட புத்தகமே சாட்சிக் கூண்டில் ஏறி, மெர்லினுக்கு ஆதரவாகச் சத்தியம் செய்துவிட்டு இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"என்ன ட்டி செஞ்ச?"

ஷெரின் மக்ரூன் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"நெகிழ்பதிப்புன்னு ஒண்ணு இருக்கும்மா. ஆசிரியர் சம்மதம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. ஒங்கணக்க நான்தான பாக்குறேன். தொட்டுட்டேன்."

"என்னத்த செய்யும் அது?"

"படிக்கிறவங்க பாதியில விட்டுட்டுப் போவாம பாத்துக்கிடும். வார்த்தைய மட்டுந்தான் எளக்கும்னு போட்டிருந்தான்."

"வார்த்தைய மட்டுமா? ஒருத்திக்குச் சாவு, ஒருத்தருக்குக் குத்தகை, அவளுக்குக் கஞ்சி. எப்பிடி ட்டி அதுக்கு மெர்லின் மனசு தெரிஞ்சுச்சு?"

"மனசெல்லாம் தெரியாது. நாடி மட்டுந்தான் தெரியும். ஒரு வரியில நாடி துடிச்சு, வெரலு மூடப் போச்சுன்னா, அந்த வரிய எடுத்துரும். அதுலயும் அடங்கலன்னா வேற வரி எழுதிப் பாக்கும். எதுல அடங்குதோ அதையே புடிச்சுக்கிட்டு மேல போவும். சித்திக்கு 'அது பொய்'ங்கிறத எடுத்திருக்கும். அப்பவும் அடங்கியிருக்காது. கஞ்சி வச்சுக் குடுத்திருக்கு."

"நெருப்ப அள்ளி மடியில கட்டிட்டு, வார்த்தைய எளக்குச்சாம்." பியூலா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒனக்கு இது எப்பத் தெரியும்? கூட்டத்துலதான் தெரியுமா?"

ஷெரின் மக்ரூன் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஷெரின். ஒம் பலகைய எடுத்துட்டு வா."

"வேண்டாம்மா."

"எடுத்துட்டு வா."

கொண்டுவந்தாள். பியூலா கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். ஷெரினின் பலகையில், சிறைக்குப் போன கணவன் திரும்பி வருகிறான். பேருந்திலிருந்து துணிப்பையோடு இறங்குகிறான். வாசலில் நின்று முதலில் கேட்கிறான்: 'பாப்பா தூங்கிட்டாளா?' அந்தப் பக்கத்தின் மூலையில், எத்தனையோ முறை திறக்கப்பட்ட பக்கம் என்று காட்டும் அடையாளம் ஒன்று இருந்தது.

"மொத வாரமே தெரியும்" என்றாள் ஷெரின். "சொல்லணும்னுதான் நெனச்சேன். ஆனா எனக்கு அப்பா குரலு எப்பிடி இருக்கும்னே தெரியாதும்மா. இதுல பேசுதாரு."

இந்த இடத்தில் ஒரு தாய் மகளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையா? பியூலாவால் முடியவில்லை.

"நானுந்தான ட்டி அவரு கொரலக் கேக்காம இருக்கேன்? அவரு ஜெயில்லயே போனாரு. அத மாத்திப்புட்டா அப்புறம் யாரு என்ன தப்பு செஞ்சா? ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிருச்சுல்லா. மெர்லின் ஒருதடவ பொய் சொன்னா. நீ அதுக்கு எம்பேர்ல கையெழுத்துப் போட்டுட்ட."

"நீ எழுதுனத நாலுபேரு படிக்கணும்னுதானம்மா செஞ்சேன்."

"படிச்சாங்களா? ஒருத்தராவது நான் எழுதுனத படிச்சாங்களா?"

ஷெரின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சம்மதத்த எடுத்துரு."

"எடுத்தா எல்லா நட்சத்திரமும் போயிரும். அதெல்லாம் அந்தப் பதிப்புக்கு விழுந்தது. எல்லாரு பலகையிலயும் நீ எழுதுனது மட்டுந்தான் நிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "என்னோடதுலயும்" என்றாள்.

"ஆமா."

"கடைசியா ஒரு தடவ படிச்சுக்கிடட்டா?"

பியூலா எழுந்து வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். தெருவில் தண்ணீர் லாரி வந்து, பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகும்வரை அவள் உள்ளே வரவில்லை. அவள் வந்தபோது ஷெரின் பலகையை நீட்டினாள். சம்மதக் கட்டம் வெறுமையாக இருந்தது.

வாசித்த எல்லோருக்கும் தளத்திலிருந்து ஒரு செய்தி போனது: 'உங்களுக்குக் காட்டப்பட்ட சில பகுதிகள் ஆசிரியர் எழுதியவை அல்ல. அவர் எழுதியது இப்போது உங்கள் பலகையில் உள்ளது.'

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, பிள்ளைகளா. யாரும் தளத்தின் மேல் கோபப்படவில்லை. பியூலாவின் மேல்தான் பாய்ந்தார்கள். திரவியம் சார் தொலைபேசியில் அழைத்து, "என்னம்மா, இப்படி ஏமாத்திட்டீங்களே. அந்தப் பொண்ணு எவ்வளவு நல்லா முன்னுக்கு வந்தா. அத எங்கிட்ட இருந்து பறிச்சுட்டீங்களே" என்றார். கல்லூரிப் பெண் பணத்தைத் திருப்பிக் கேட்டாள். மதுரைக்காரர் மட்டும் தன் சமையல் நூல் விமர்சனத்தை மாற்றவில்லை. நூலாறு அம்பாரத்தை முன்வரிசையிலிருந்து எடுத்து அடியில் போட்டது. அதன் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம்கூட மிஞ்சவில்லை.

தாயும் மகளும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். பேச்சு மட்டும் உப்பு இருக்கா, கதவைச் சாத்திட்டியா என்ற அளவில் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் ஆராதனை முடிந்து வந்து புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஷெரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எம்மா, புதுசா ஒரு விமர்சனம் விழுந்திருக்கு."

"எத்தன?"

"ஒரு நட்சத்திரம். சித்தி."

பியூலா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "வாசி."

ஷெரின் வாசித்தாள். "'ஒரு நட்சத்திரம் கொடுக்கவே மனமில்லை. குறைவாகக் கொடுக்க வழியில்லாததால் கொடுக்கிறேன். ஒரு செத்த மனிதனை இப்படி அசிங்கப்படுத்தலாமா? லாரி ஏறியதும் அவன் குதித்து ஓடினான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். கோழை மாதிரி. என் வீட்டுக்காரர் ஓடவே இல்லை. இறங்கி வந்து இசக்கிராஜ் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் கொண்டுபோன தூக்குச்சட்டியிலிருந்து பழையசோற்று நீச்சத்தண்ணியை அவர் கையாலேயே வாயில் விட்டார். எடைமேடையிலிருந்து அத்தான் ஓடி வருவதைப் பார்த்த பிறகுதான் எழுந்தார். என் கண்ணால் பார்த்தவள் நான். பார்க்காதவர்கள் எழுதக் கூடாது.'"

ஷெரின் உதட்டைக் கடித்தாள். "ஒன்னயப் போட்டுத் திட்டிருக்காம்மா. வசைன்னு புகார் குடுத்தா தூக்கிருவாங்க. குடுக்கவா?"

"எடைமேடைன்னு வருதே, அந்த வரிய இன்னொரு தடவ வாசி."

"'எடைமேடையிலிருந்து அத்தான் ஓடி வருவதை...'" ஷெரினின் குரல் பாதியில் நின்றது. அம்மாவைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். "எம்மா. அப்ப அப்பா..."

"எடைமேடையில நின்னாரு. அவளுக்கு அன்னைக்கும் தெரியும். தூக்குச்சட்டி மொதக்கொண்டு தெரிஞ்சிருக்கு." பியூலாவின் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. அடிபட்டவள் முகம் மாதிரிதான் இருந்தது. "ஒண்ணையும் மறக்காமதான் கூண்டுல ஏறிருக்கா."

விமர்சனத்தின் கீழே நூலாறு தானாகப் போடும் முத்திரை இருந்தது: இந்த வாசகர் நூலை முழுவதும் வாசித்திருக்கிறார்.

"தொடாத ட்டி" என்றாள் பியூலா. "அது அங்ஙனயே கெடக்கட்டும். ஊரு வந்து படிக்கட்டும்."

பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நாவலின் கோப்பைத் திறந்தாள். லாரி ஏறுகிற அத்தியாயத்துக்குப் போனாள். 'அவன் குதித்து ஓடினான்' என்ற வரியை அழித்தாள். அந்த இடத்தில், அவன் இறங்கி வந்ததையும், தலையை மடியில் ஏந்தியதையும், தூக்குச்சட்டியையும் எழுதினாள்.

அம்பாரம் ஒரு வாசகருக்காக உண்மையிலேயே மாறியது அந்த ஒரு தடவைதான்.